உளைச் சேற்றில் ஓடும் பலகை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழின் பின்னட்டையில் வந்த கொரியப் படம் பலரை எழுத வைத்திருக்கிறது. கண்ணுக்கெட்டிய தூரம் சாம்பல் நிறச் சேறு. நீளமான பலகை மேல் ஒரு காலை மடக்கி ஊன்றிக்கொண்டு மட்டி, அதாவது ஓட்டுக்குள் வாழும் சிப்பி வகை உயிர், அள்ளப் போகும் பெண்கள். கடலே இல்லாத தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து இத்தனை கடிதம் வரும் என்று ஆசிரியர் குழு நினைக்கவில்லை. எனக்கு ஆச்சரியமில்லை. வருஷம் தவறாமல் ஏரி வற்றுவதைப் பார்க்கிறவர்களுக்குச் சேற்றின் குணம் தெரியும். மீன்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது காவேரிப்பட்டணத்தில் இருக்கும் என்னிடம் கடிதக் கட்டைக் கொடுத்துவிட்டார்கள். ஒரே கேள்வி பலமுறை வந்திருந்ததால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எஞ்சின் இல்லை, துடுப்பு இல்லை, இழுக்க ஆளும் இல்லை. அந்தப் பலகை எப்படி ஓடுகிறது?
*– கல்லூரி மாணவி, பென்னாகரம்*

கால்தான் ஓட்டுகிறது, பாப்பா. தென்கொரியாவின் தெற்குக் கரையில் போசொங் மாவட்டம் இருக்கிறது. அதில் பொல்க்யோ என்று ஒரு சிற்றூர், அதற்கு எதிரே யொஜா வளைகுடா. படம் அந்தப் பக்கத்துக் காட்சி. பலகைக்கு அங்கே ‘ப்பொல்பே’ என்று பெயர். இரண்டு மீட்டருக்கு மேல் நீளம், அரை மீட்டருக்குள் அகலம். முன்முனை மட்டும் மேலே வளைந்திருக்கும், சேற்றில் குத்திக்கொள்ளாமல் ஏறிப் போக. நடுவில் ஒரு பெரிய கூடையோ பிளாஸ்டிக் டப்போ வைத்திருப்பார்கள். அந்தப் பெண் ஒரு முழங்காலைப் பலகையில் ஊன்றுகிறார், அதற்கடியில் ஒரு திண்டு. இரண்டு கையும் டப்பின் விளிம்பைப் பிடித்திருக்க, உடம்பு முன்பக்கம் சாய்ந்திருக்கும். மற்றக் கால் பலகைக்கு வெளியே தொங்கும். அந்தக் காலால் சேற்றைப் பின்னால் உந்த, பலகை வழுக்கிக்கொண்டு போகும். கால் வலித்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஏன் புதைவதில்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 60 கிலோ ஆள் நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் மொத்த எடையும் ஒரே பாதத்தில் வந்து நிற்கிறது. பாதத்தின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 300 கிராம் பாரம். இப்போது ஆள், பலகை, அள்ளிய மட்டி எல்லாம் சேர்த்து 100 கிலோ என்று வையுங்கள். வளைந்த முனையைக் கழித்துவிட்டால் சேற்றில் படியும் பலகையின் பரப்பு 8,000 சதுர சென்டிமீட்டர் இருக்கும். வகுத்தால் 12.5 கிராம்தான். நடப்பவர் கொடுக்கும் அழுத்தத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்கு.

உந்துகிற கால் புதையாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். புதையும். ஆனால் அதன் மேல் உடம்பின் பாரம் இல்லை, அதனால் ஆழமாகப் போகாது. சேற்றில் காலை இறக்குவது பெரிய விஷயமே இல்லை, எடுப்பதுதான் பாடு. பாதத்தை மேலே தூக்கும்போது அதற்கடியில் வெற்றிடம் உண்டாகிறது, சுற்றியுள்ள சேறு காலைக் கவ்விக்கொள்கிறது. அந்தக் காலை விடுவிக்க மற்றக் காலை ஊன்றினால் அதுவும் உள்ளே போய்விடும். பலகையில் போகிறவருக்கு ஊன்றிக்கொள்ள முழங்காலுக்கடியில் ஓர் இடம் எப்போதும் இருக்கிறது.

மட்டி எடுப்பதற்குச் சீப்பு மாதிரி இரும்புப் பற்கள் வைத்த ஒரு வாரி உண்டு. மட்டி மேல் சேற்றிலேயே, சில சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும். வாரியைச் சாய்த்து அழுத்திப் பலகையை நகர்த்தினால் சேறு பல்லிடுக்கில் வழிந்துவிடும், மட்டி மட்டும் தங்கும். பிறகு ஓடைத் தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது.

எங்கள் பரம்புப் பலகையும் இதுவும் ஒன்றுதானே? அதன் மேல் ஏறி நின்று நானும்தான் ஓட்டியிருக்கிறேன்.
*– விவசாயி, பாலக்கோடு*

பார்வைக்கு ஒன்று, வேலைக்கு நேரெதிர். வயலைச் சமன் செய்யும் பரம்பு மேல் நாம் ஏறி நிற்பதே எடை கூட்டத்தான். மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ள வேண்டும், அதற்கு அழுத்தம் வேண்டும். கொரியப் பலகை சேற்றை அசைக்காமல் மேலோடு போக வேண்டும். முன்னால் சேற்றைக் குவித்துத் தள்ள ஆரம்பித்தால் அந்த அம்மாவால் பத்தடி போக முடியாது.

இன்னொன்றும் உண்டு. நம் நெல் வயலில் ஒரு சாண் ஆழத்தில் இறுகிய தளம் ஒன்று இருக்கிறது. வருஷக்கணக்காக உழுது உழுது, மாடும் டிராக்டரும் மிதித்து உண்டானது. மாடு தைரியமாக இறங்குவது அந்தத் தளத்தை நம்பித்தான். யொஜா வளைகுடாவில் அப்படி எதுவும் கிடையாது. ஆறுகள் கொண்டுவந்த மிக நுண்ணிய வண்டல், மணல் கலப்பு மிகக் குறைவு. சாதாரணமாக நடந்தாலே தொடை வரை போகும்.

அதே கொரியாவில் மேற்குக் கரையில் கோச்சாங் என்ற இடத்தில் தரையில் மணல் அதிகம். அங்கே மட்டி எடுக்க டிராக்டரே ஓட்டிக்கொண்டு போகிறார்கள். எந்தச் சேறோ அதற்கேற்ற வண்டி.

தண்ணீர் இருக்கும்போது படகில் போய் அள்ளிவிடலாமே? சேறு காயும்வரை காத்திருந்து இப்படிக் கஷ்டப்படுவானேன்?
*– பேருந்து நடத்துநர், அரூர்*

சேறு காய்வதே இல்லை, தம்பி. காய நேரமும் கிடையாது. கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறுகிறது, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று வற்றிய நேரத்தைவிட நாளை ஐம்பது நிமிடம் போலத் தள்ளி வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் ரொம்ப தூரம் உள்வாங்கும். அப்போதுதான் நல்ல வேலை. அங்கே உள்ள பெண்கள் கடிகாரத்தையும் நிலாவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சில மணி நேரம்தான் கெடு, தண்ணீர் திரும்புவதற்குள் கரை சேர்ந்துவிட வேண்டும்.

சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் வித்தியாசம் பெரிய நாட்களில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அதனால்தான் மெரினாவுக்குப் போய்வந்த நமக்கு இது கண்ணில் படுவதே இல்லை. கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்தில் அது 9 மீட்டர் வரை போகும், மூன்று மாடி உயரம். தெற்குக் கரையில் அவ்வளவு இல்லை. ஆனால் தரை தட்டையாக இருப்பதால் தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலே மைல் கணக்கில் சேறு வெளியே வந்துவிடும்.

படகு விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ‘கொமாக்’ என்று சொல்லும் மட்டியில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று கொஞ்சம் ஆழத்தில், எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கும். அதைப் படகில் வாரி கட்டி இழுத்துத்தான் எடுக்கிறார்கள். மற்றது, விலை கூடிய ‘சம்கொமாக்’, ஏறி வற்றும் சேற்றில் வளர்வது. விற்பனைக்கு ஆகும் அளவுக்கு வளர மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். பலகை இதற்குத்தான். மோட்டார் வைத்தால் எடை கூடும், எடை கூடினால் புதையும், அப்புறம் அதை எடுக்க இன்னொரு பலகையில் போக வேண்டியிருக்கும்.

படத்தில் ஓர் ஆண்கூட இல்லை. ஆபத்தும் குளிரும் உள்ள வேலையை ஏன் பெண்கள் தலையில் கட்டினார்கள்?
*– அங்கன்வாடி ஊழியர், காரிமங்கலம்*

இந்தக் கேள்வியை ஒரு பெண்தான் கேட்பார் என்று நினைத்தேன், அம்மா. ஆண்கள் படகோடு போனார்கள், கரையை ஒட்டிய சேறு பெண்கள் பக்கம் வந்தது. மாமியாரிடம் மருமகள் கற்றுக்கொண்டு தொடர்ந்த வேலை இது. சேற்றுப் பரப்பு தனிப்பட்ட ஒருவர் சொத்தாக இருப்பதில்லை. ஊர் மீனவர் சங்கம் ஒன்று அதை நிர்வகிக்கிறது, எப்போது இறங்கலாம் என்பதையும் சங்கம்தான் முடிவு செய்கிறது. ஒரு வீட்டார் மட்டும் போய் வழித்துக்கொண்டு வந்துவிட முடியாது. நம் ஏரி மீன் ஏலத்தில் நடக்கும் கூத்தைப் பார்த்தவன் என்பதால் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

பருவம் நவம்பரில் தொடங்கி வசந்தம் வரை. அதாவது நல்ல குளிர்காலத்தில். இடுப்புக்கு மேல் வரும் ரப்பர் உடை, கையுறை, தலையைச் சுற்றித் துணி. சேறு உறைந்துபோன மாதிரி இருக்கும். ஒரே முழங்காலில் மணிக்கணக்காக நின்று இடுப்பைத் திருப்பித் திருப்பி உந்தினால் ஐம்பது வயதில் மூட்டும் முதுகும் என்ன ஆகும் என்று நாற்று நடுகிற நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொரிய அரசு முக்கிய மீன்பிடி மரபுகளுக்கு என்று ஒரு தேசியப் பட்டியல் வைத்திருக்கிறது. அதில் முதலாவது, ஜெஜு தீவில் மூச்சடக்கி முக்குளிக்கும் ஹேன்யோ பெண்கள். இரண்டாவது, போசொங்கின் இந்தப் பலகை. 2015-இல் சேர்த்தார்கள். 2021-இல் சேற்றுப் பரப்பில் மீன், மட்டி எடுக்கும் மரபு முழுவதையும் தேசிய மரபுச் செல்வமாக அறிவித்தார்கள். விருது வந்தது சரி, இளம் ஆட்கள் வரவில்லை. பலகையில் போகிறவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள். சம்கொமாக் விளைச்சலும் முன்பிருந்ததற்கு வெகுவாகக் குறைந்துவிட்டது. பொல்க்யோவில் மட்டித் திருவிழா நடக்கிறது, சுற்றுலாக்காரர்கள் பலகையில் ஏறி, விழுந்து, சிரித்துவிட்டுப் போகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அதைப் பார்த்து இது ஒரு விளையாட்டு என்று நம் பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது. அது கூலி வேலை.

அவ்வளவு சேற்றையும் மூடி மனை போட்டிருந்தால் கோடிக்கணக்கில் பணம் ஆகியிருக்குமே?
*– நில புரோக்கர், ஓசூர்*

அண்ணா, ஓசூர்க்காரர் என்று ஊர் பெயர் போடாமலே தெரிந்துவிடும்! உங்கள் யோசனை அவர்களுக்கும் வந்தது. மேற்குக் கரையில் செமாங்கும் என்ற இடத்தில் 1991-இல் கடலுக்குக் குறுக்கே சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். நீளம் 33.9 கிலோமீட்டர். 2006-இல் கடைசி இடைவெளியையும் அடைத்தார்கள். உள்ளே மாட்டிக்கொண்ட பரப்பு ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டர். ஏற்றமும் வற்றும் நின்றதும் மட்டி கூட்டமாகச் செத்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து சைபீரியா வரை பறந்து போகும் கரைப் பறவைகள் நடுவழியில் இறங்கி இரை தின்னும் இடம் அது. பறவைகளும் குறைந்தன. சுவர் முடிந்து இத்தனை வருஷமாகியும், திட்டமிட்டபடி நிலம் முழுக்கப் பயனுக்கு வரவில்லை.

மிச்சமிருந்த சேற்றில் நான்கு இடங்கள், சொசொன், கோச்சாங், சினான், போசொங்–சுன்சொன், 2021-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறின. இனி அங்கே பிளாட் போட வழியில்லை. உங்களுக்கு நஷ்டம்தான்.

வேறு நாடுகளில் இப்படி உண்டா?
*– பள்ளி ஆசிரியர், ஊத்தங்கரை*

நிறைய. ஜப்பானில் அரியாகே கடல், தாய்லாந்தின் வளைகுடாக் கரை, மலேசியா, சீனாவின் கிழக்குக் கரை என்று உளைச் சேறு உள்ள இடத்திலெல்லாம் ஏதோ ஒரு பலகை இருக்கிறது. மலேசியாவில் அதற்குத் தொங்கா என்று பேர். பினாங்குப் பக்கம் உறவினர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்தில் பிரிட்ஜ்வாட்டர் வளைகுடாவில் நின்றபடி தள்ளிக்கொண்டு போகும் மரச் சட்டம் ஒன்று உண்டு, இறால் வலைக்குப் போக. வெள்ளத்தை அடக்கிய யூ மன்னன் தரையில் தேரிலும், நீரில் படகிலும், சேற்றில் சறுக்குப் பலகையிலும் போனான் என்று இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய சீன வரலாற்று நூலிலேயே இருக்கிறது. யாரைப் பார்த்து யார் கற்றார்கள் என்று தேடுவதைவிட, சேறே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்த மட்டியைத் திறந்தால் ரத்தம் வருமாமே? சாப்பிட்டுப் பார்த்தவர்கள் யாராவது உண்டா?
*– உணவகம் நடத்துபவர், கிருஷ்ணகிரி*

வருவது ரத்தமேதான். பெரும்பாலான மட்டிகளின் ரத்தத்துக்கு நிறம் கிடையாது. இந்த இனத்தில் நம் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் கிடப்பதற்கு அது உதவுகிறது. ஓட்டின் மேல் ஆழமான வரிகள், உள்ளே சிவந்த சதை. இதே இனம் நம் நாட்டில் காக்கிநாடா வளைகுடாவிலும் கிடைக்கிறது.

பழவேற்காட்டில் வேலை பார்த்த காலத்தில் வெள்ளை மட்டிக் குழம்பு நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். இது அதைவிட இறுக்கமான சதை, கொஞ்சம் இரும்பு வாசனை. கொரியர்கள் பாதி வேக்காட்டில் இறக்குவார்கள். கொதிக்கும் நீரில் போட்டு ஒரே பக்கமாகக் கிண்டுவது அவர்கள் வழக்கம், சதை ஓட்டின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்பார்கள். வாய் திறக்காததை, பின்பக்க மூட்டில் கரண்டி முனையைக் கொடுத்துத் திருகித் திறக்கிறார்கள். மேலே சோயா சாஸ், பூண்டு, எள், மிளகாய்த் தூள்.

நீங்கள் கடையில் போடுவதானால் பாதி வேக்காடு வேண்டவே வேண்டாம். 1988-இல் ஷாங்காய் நகரத்தில், இதே குடும்பத்து மட்டியை அரைகுறையாக வேகவைத்துத் தின்றதால் சுமார் மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள் காமாலை, ஹெபடைடிஸ் ஏ, வந்தது. மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் பிராணி, சாக்கடை கலந்த தண்ணீரில் இருந்தால் கிருமியையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். நன்றாக வேகட்டும். ரப்பர் மாதிரி ஆகிறதே என்று வாடிக்கையாளர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

கே.ஆர்.பி. அணையும் பாரூர் ஏரியும் வற்றும்போது இப்படி ஒரு பலகை செய்து மீனும் மட்டியும் எடுத்தால் என்ன?
*– இளைஞர் ஒருவர், பாரூர்*

செய்யாதே, தம்பி. நம் ஏரிச் சேறு அதற்கு ஆகாது. கடல் சேற்றை நாளுக்கு இரண்டு முறை தண்ணீர் நனைத்து வழவழவென்று வைத்திருக்கிறது. நம் ஏரியில் ஒருமுறை வற்றினால் மேலே பாளம் பாளமாக வெடிக்கிறது, அடியில் ஈரம் நிற்கிறது. பலகை மேலே வழுக்காது, உள்ளேயும் போகாது, சிக்கிக்கொண்டு நிற்கும். போதாததற்குச் சீமைக் கருவேல முள், கண்ணாடிச் சில்லு, அறுந்த வலை. எல்லாவற்றையும்விட மோசம், வண்டல் எடுக்க ஜே.சி.பி. தோண்டிய குழிகள். மேலே சேறு மூடியிருக்கும், ஆழம் தெரியாது.

பலகையின் தத்துவம் மட்டும் நமக்கு உதவும். பாரூர்ப் பக்கமே ஒரு சின்ன ஏரியில் கறவை மாடு ஒன்று நடுக் குட்டைக்குத் தண்ணீர் குடிக்கப் போய் வயிறு வரை இறங்கிவிட்டது. ஆளாளுக்குக் கொம்பில் கயிறு கட்டி இழுக்கக் கிளம்பினார்கள். ஒரு பெரியவர் எல்லோரையும் அதட்டி நிறுத்தினார். தென்னை மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போடச் சொல்லி, அதன் மேல் பழைய கதவு ஒன்றைப் போட்டு, அதில் குப்புறப் படுத்துக்கொண்டு மாட்டின் ஒவ்வொரு காலைச் சுற்றியும் கையால் சேற்றைத் தோண்டினார். தோண்டிய இடத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். தண்ணீர் உள்ளே இறங்கினால்தான் சேற்றின் பிடி விடும். அப்புறம் வயிற்றுக்கடியில் சாக்கு கொடுத்து, பக்கவாட்டில் சாய்த்து, மெதுவாக இழுத்தார்கள். மாடு எழுந்ததும் முதல் வேலையாகப் பெரியவரையே முட்ட வந்தது.

நீங்களே மாட்டிக்கொண்டாலும் இதுதான். துள்ளாதீர்கள். பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தோ படுத்தோ பாரத்தைப் பரப்புங்கள், ஒரு காலை மட்டும் சிறுகச் சிறுக ஆட்டி விடுவியுங்கள். காப்பாற்ற வருகிறவர் ஓடி வரக்கூடாது, எதையாவது போட்டு அதன் மேல்தான் வர வேண்டும்.

பள்ளிக் கண்காட்சிக்கு ஒன்று செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். எந்த மரம் போடலாம்?
*– தச்சர், தருமபுரி*

அங்கே பைன் மாதிரியான ஊசியிலை மரங்களைப் போடுவார்கள். எடை குறைவு, ஓர் ஆளே தோளில் தூக்கிக்கொண்டு போகலாம். நம் வேம்பு, கருவேலம் வேண்டாம், பலகையே ஆளை அமுக்கிவிடும். மா லேசானது, நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஈரத்தில் சீக்கிரம் உளுத்துவிடும். கண்காட்சிக்கு மட்டும்தான் என்றால் மாம்பலகை போதும். முன் வளைவுக்குத் தனித் துண்டாக வெட்டிச் சேர்த்துவிடுங்கள், கொதிநீர் ஊற்றி வளைக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அடிப்பக்கத்தில் ஆணித் தலை ஒன்றுகூடத் துருத்தக்கூடாது, மூட்டு எல்லாம் மேல்பக்கமே இருக்கட்டும். ஓரங்களை நன்றாக இழைத்து உருட்டிவிடுங்கள். பிள்ளைகள் எப்படியும் அதில் ஏறி உட்காரத்தான் போகிறார்கள்.